கீழாநெல்லி ஈரலைக் காக்குமா? காப்பதும் குணமாக்குவதும் ஒன்றுதானா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வடிந்த பிறகு கடலூர்ப் பக்கம் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். வரப்பு ஓரம், வேலி ஓரம், கொல்லைப்புறம் என்று பார்த்த இடமெல்லாம் கீழாநெல்லி தளதளவென்று முளைத்து நிற்கும். அதே வாரங்களில் தெருவில் யாருக்காவது கண் மஞ்சளாகும். நோயும் மருந்தும் ஒரே மழையில் வருவதாக நம் ஊரில் பலர் நம்புவதற்கு இந்தக் காட்சியே போதும்.

இதற்கு நடுவே, கீழாநெல்லியில் உள்ள வேதிப்பொருள் ஈரல் செல்களைக் காப்பதாக ஆய்வில் தெரியவந்தது என்ற செய்தியும் அவ்வப்போது வருகிறது. அப்படியானால் காமாலைக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இதெல்லாம் எலிக்குச் செய்த சோதனை, மனிதனுக்கு ஒன்றுமில்லை என்று வேறு சிலர் ஒதுக்குகிறார்கள். இரண்டு பேரும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். 'ஈரல் செல்லைக் காக்கிறது' என்பது ஒரு வாக்கியம். 'காமாலையைக் குணமாக்குகிறது' என்பது வேறு வாக்கியம். முதலாவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதைக் கொண்டு இரண்டாவதைச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

ஈரல் செல் செய்யும் வேலை

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை இருக்கும். அதன் பெரும்பகுதி ஒரே வகைச் செல்தான். சாப்பிட்ட உணவு, குடித்த மருந்து, சாராயம், உடலே உண்டாக்கும் கழிவு என எல்லாவற்றையும் பிரித்து, மாற்றி, வெளியேற்றும் வேலை அந்தச் செல்லுடையது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களையும் அதுவே செய்கிறது.

மஞ்சள் நிறம் வருவது பிலிரூபின் என்ற பொருளால். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து அழியும். அப்போது அதிலிருந்து பிலிரூபின் உண்டாகும். ஈரல் செல் அதைப் பிடித்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். மலத்துக்கு நிறம் வருவதும் அதனால்தான். நூறு மில்லி ரத்தத்தில் பிலிரூபின் 1 மில்லிகிராம் அளவில் இருப்பது இயல்பு. 2, 3 என்று ஏறினால் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும்.

ஆக, காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. அது மூன்று இடங்களில் தொடங்கலாம்.

1. ஈரலுக்கு முன்னால்: சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைவது. ஈரல் நன்றாக இருந்தாலும் சரக்கு அதிகமாகிவிடும்.
2. ஈரலுக்குள்: வைரஸ், சாராயம், மருந்து, விஷம் ஆகியவற்றால் செல் கெடுவது.
3. ஈரலைத் தாண்டி: பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைப்பது. மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும்.

மூலிகையைப் பற்றிய பேச்சு முழுவதும் இரண்டாவது வகைக்கு மட்டுமே பொருந்தும். பித்தக் குழாயில் சிக்கிய கல்லை எந்த இலைச்சாறும் நகர்த்தாது.

செல் எப்படிச் சாகிறது, எங்கே தடுக்கலாம்

'காக்கிறது' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள, செல் சாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். சரியான அளவில் அது நல்ல மருந்து. ஈரல் அதை மாற்றும்போது ஒரு சிறு பங்கு என்.ஏ.பி.கியூ.ஐ. என்ற நச்சாக மாறும். செல்லுக்குள் இருக்கும் குளூட்டத்தயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறி விழுங்கினால் நச்சு பெருகும், குளூட்டத்தயோன் தீர்ந்துபோகும். பிடிப்பாரில்லாத நச்சு செல்லின் சொந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், செல் சாகும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. குளூட்டத்தயோனை மறுபடி நிரப்புவதுதான் அது செய்யும் வேலை. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகப் பலிக்கும்.

சோதனைக்கூடங்கள் இன்னொரு நச்சையும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன: கார்பன் டெட்ராகுளோரைடு. இதுவும் தானாகக் கொல்வதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கும்போது, எதையாவது கடித்துக் குதறாமல் அடங்காத ஒரு துண்டு வெளிவரும். 'தனி உறுப்பு' என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தத் துண்டு ஒரு கொழுப்பு மூலக்கூறைத் தாக்கும், அது பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், இப்படியே சங்கிலியாகப் போய்ச் சவ்வு ஓட்டையாகும். உள்ளே இருந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். 'எல்.எஃப்.டி.' என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது தாளில் வரும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் அப்படிக் கசிந்த நொதிகள்தான். எஸ்.ஜி.பி.டி. 40க்குள் இருப்பது வழக்கம். வைரஸ் காமாலையில் ஆயிரத்தையும் தாண்டும்.

இப்போது, ஒரு தாவரப் பொருள் எங்கெல்லாம் குறுக்கே நிற்கலாம்?

1. நச்சு செல்லுக்குள் நுழையும் வாசலை அடைக்கலாம்.
2. நச்சாக மாற்றும் நொதியையே முடக்கலாம்.
3. வெறிபிடித்த துண்டுகளைத் தானே வாங்கிக்கொண்டு சவ்வைக் காப்பாற்றலாம். குளூட்டத்தயோன் தீராமல் பார்த்துக்கொள்ளலாம்.
4. செத்த செல்லைச் சுற்றி எழும் அழற்சியைத் தணிக்கலாம்.
5. நாள்பட்ட காயத்தால் ஈரல் தழும்பேறி நார் விழுவதைத் தாமதப்படுத்தலாம்.

இதில் இரண்டாவதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துச் செய்யும் சோதனையில், நொதியை முடக்கும் எந்தப் பொருளும் 'ஈரல் காப்பான்' போலத் தெரியும். நச்சு பிறக்கவே விடாததால் எலியின் ஈரல் பிழைக்கிறது. ஆனால் வைரஸ் தாக்கிய மனிதனின் ஈரலில் அந்த நச்சும் இல்லை, அந்த நொதிக்கு அதில் வேலையும் இல்லை. எலியில் கிடைத்த பலன் மனிதனில் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கீழாநெல்லிக்குள் என்ன இருக்கிறது

இலைக்காம்பின் அடியில் குட்டி நெல்லிக்காய் போல வரிசையாகக் காய் தொங்குவதால் கீழாநெல்லி. இதன் கசப்புப் பொருளை 1946இல் டி. ஆர். சேஷாத்திரியின் ஆய்வுக்குழு பிரித்தெடுத்து விவரித்தது. அதற்கு ஃபில்லாந்தின் என்று பெயர். அதோடு ஹைப்போஃபில்லாந்தின் என்ற பங்காளியும் உண்டு. இரண்டும் லிக்னான் என்ற வகையைச் சேர்ந்தவை. 1985இல் வெளியான ஓர் ஆய்வு, எலியின் ஈரல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கார்பன் டெட்ராகுளோரைடையும் கேலக்டோசமைன் என்ற இன்னொரு நச்சையும் சேர்த்தபோது, இந்த இரண்டு பொருளும் செல்களைக் காத்ததைக் காட்டியது. இது உறுதியான விஷயம். பாட்டிமார் சொன்னதில் பொருள் இல்லை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பொருள் இலையில் எவ்வளவு, ரத்தத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது அடுத்த கேள்வி. காய்ந்த இலையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஃபில்லாந்தின் இருக்கிறது. தண்டைவிட இலையில் அதிகம். தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள் அது. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து அளந்தபோது மிகச் சிறிய பங்கே ரத்தத்தில் சேர்ந்தது. கண்ணாடித் தட்டில் செல்லைச் சுற்றி ஊற்றிய அளவு, மோரில் கலக்கிக் குடித்தவரின் ஈரலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது.

அப்புறம், செடி எது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. பழைய ஆய்வுகளில் இதற்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயர் போட்டிருக்கும். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர்க் கீழாநெல்லி ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதுபோக மேலாநெல்லி, செங்கீழாநெல்லி என்று முகஜாடையில் ஒத்த சொந்தங்கள் பல. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கைப் பரிசோதித்து 2010இல் வந்த ஆய்வு ஒன்று, அதில் ஆறு இனங்கள் புழங்குவதைக் கண்டது. 76 சதவீத மாதிரிகளில்தான் அமாரஸ் முதன்மையாக இருந்தது. மற்றவற்றில் வேறு இனங்கள். ஃபில்லாந்தின் எல்லா இனத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றில் பெயருக்குத்தான் இருக்கும்.

நல்ல ஆய்வுக் கட்டுரையில், சோதித்த செடியின் உலர்ந்த மாதிரி எந்த மூலிகைச் சேகரத்தில் எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அப்படி ஒரு பெரிய சேகரம் இருக்கிறது. செடியின் பெயரில் சந்தேகம் வந்தால் தாளில் ஒட்டிய அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். மாதிரி எண் இல்லாத ஆய்வில் எந்தச் செடியைச் சோதித்தார்கள் என்பதை யாராலும் பிறகு சரிபார்க்க முடியாது.

கரிசாலை, நிலவேம்பு, மற்றவை

கடலூர் மாவட்டத்தில் கரிசாலை என்னும் கரிசலாங்கண்ணியைப் பேசாமல் போக முடியாது. வடலூரில் 1867இல் தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார், அன்றாடம் சேர்க்க வேண்டிய கீரைகளில் இதற்கு முதலிடம் கொடுத்தார். இன்றும் சன்மார்க்க வழியில் இருப்பவர்கள் வீட்டில் கரிசாலைப் பொடியைப் பார்க்கலாம். இதில் உள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளே ஈரல் காக்கும் முக்கியப் பொருள் என்று 1986இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் குழு ஒன்று எழுதியது. வெள்ளைப் பூ, மஞ்சள் பூ இரண்டு கரிசாலையிலும் அது உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவில் முறையான சோதனை நடந்து தெளிவான முடிவு வரவில்லை. கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதற்கு அந்தச் சோதனை தேவையும் இல்லை.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. பாராசிட்டமாலால் கெடும் எலி ஈரல் செல்களை அது காத்ததாக லக்னோவில் செய்த ஆய்வு 1993இல் வெளியானது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுகுரோகிணி இமயமலைச் செடி. அதன் பொருட்களும் எலிகளில் நல்ல பலன் காட்டியவை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையும் தாவரப் பொருட்களை வைத்து எலிகளில் இப்படிப் பல ஆய்வுகளைச் செய்து வெளியிட்டிருக்கிறது. ஈரலைக் காக்கும் தாவரப் பொருளுக்கு உலகில் பஞ்சமே இல்லை. எலியைத் தாண்டி மனிதனிடம் நிரூபித்துக் காட்டியதுதான் அரிது.

எலிக்கும் மனிதனுக்கும் நடுவே இருக்கும் தூரம்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எலிக்குக் கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாறத்தூள் (செடியின் சத்தைப் பிரித்தெடுத்து உலர்த்திய தூள்) கொடுத்ததாகப் பல கட்டுரைகளில் இருக்கும். எலியின் அளவை மனித அளவாக்க ஏறத்தாழ 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 32 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 2 கிராம் சாறத்தூள். நூறு கிராம் காய்ந்த செடியிலிருந்து 10 கிராம் சாறத்தூள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 20 கிராம் காய்ந்த செடி வேண்டும். பச்சைச் செடியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று கொண்டால், தினமும் நூறு கிராம் பச்சைச் செடி. நம் வீடுகளில் கொடுப்பது நெல்லிக்காய் அளவு விழுது. சாறத்தூள் எடுக்க ஆய்வுக்கூடத்தில் ஆல்கஹால் போன்ற கரைப்பானைப் பயன்படுத்துவார்கள். நாம் மோரில் கரைக்கிறோம். இரண்டும் ஒரே மருந்து என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. பெரும்பாலான எலிச் சோதனைகளில் மூலிகையை ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விஷம் கொடுப்பார்கள். மனிதன் கண் மஞ்சளான பிறகுதான் மூலிகையைத் தேடிப் போகிறான். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவதற்கும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு கரையை உயர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1988: சென்னையிலிருந்து வந்த பெருஞ்செய்தி

கீழாநெல்லிக்கு மனிதர்களிடம் சோதனையே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நடந்தது, அதுவும் நம் மாநிலத்தில். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் இதில் ஈடுபட்டிருந்தார். கீழாநெல்லிச் சாறம் அந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியைத் தடுக்கிறது என்று 1987இல் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் தலைமையில் அவரும் சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள்.

ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் நெடுநாள் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, காய்ந்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து வாங்கிய 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! உலகம் திரும்பிப் பார்த்தது நியாயம்தான்.

பிறகு என்ன ஆனது? தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், 1990இல் முடிவு வந்தது: பலன் இல்லை. நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள், 1994இல் வெளியானது: பலன் இல்லை. சென்னை ஆய்வையும் திரும்பப் பார்த்தபோது கேள்விகள் எழுந்தன. 78 பேருடன் தொடங்கியதில் முடிவுக் கணக்கில் வந்தவர்கள் 60 பேர்தான். விட்டுப்போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் சதவீதம் எந்தப் பக்கமும் சாயலாம். சிறிய ஆய்வுகளுக்கு உள்ள தலைவலி இது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து, ஹெபடைடிஸ் பிக்குக் கீழாநெல்லி இனங்கள் பலிக்கும் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

இதைத் தோல்விக் கதையாக நான் பார்க்கவில்லை. நம் கொல்லையில் முளைக்கும் செடியை உலகின் சிறந்த மருத்துவ இதழ் வரை கொண்டுபோய், வெளிப்படையாகச் சோதிக்கக் கொடுத்தார்கள். அதுதான் சரியான வழி. வருத்தம் என்னவென்றால், 1988இன் தலைப்புச் செய்தி மட்டும் இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது, அதன் பிறகு வந்தவை தமிழில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

மேற்கில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது சிலிமரின். மில்க் திசில் என்ற முள்செடியின் விதையில் உள்ளது. நம் ஊர் மருந்துக் கடையிலும் ஈரல் மாத்திரையாக விற்கிறது. ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேருக்கு 24 வாரம் அதிக அளவில் கொடுத்து 2012இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரைக்கும் அதற்கும் எஸ்.ஜி.பி.டி.யில் வித்தியாசம் இல்லை. ஆனால் அதே சிலிமரினின் முக்கியப் பொருளான சிலிபினின், ஐரோப்பாவில் ஒருவகை விஷக் காளானைத் தின்றவர்களுக்கு நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. காளான் விஷம் ஈரல் செல்லுக்குள் நுழையும் வாசலை அது அடைக்கிறது என்பதே காரணம். ஒரே பொருள் ஒரு நோயில் ஒன்றும் செய்யவில்லை, வேறொன்றில் கைகொடுக்கிறது. 'ஈரலுக்கு நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தக் கேட்டுக்கு எதிராக, எந்தப் படியில் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் குணமானவர்கள் எல்லாம்?

இந்தக் கேள்வி நியாயமானது. 'எங்கள் வீட்டில் நாலு பேருக்குக் கீழாநெல்லியில்தான் சரியானது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

மழைக்காலத்துக்குப் பிறகு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. இரண்டும் சாக்கடை கலந்த குடிநீரால் பரவும். வைரஸ் உள்ளே போய் நோய் தெரிய சராசரியாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால்தான் வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளாகிறது, நாமும் வெள்ளத்தை மறந்துவிட்டு 'உடம்புச் சூடு' என்கிறோம். இந்த இரண்டு வைரஸையும் உடலின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலோரிடம் சில வாரங்களில் விரட்டிவிடும். ஈரல் மறுபடி வளரும் தன்மை கொண்ட உறுப்பு. ஆக, மருந்து எதுவும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோர் பிழைப்பார்கள். கீழாநெல்லி கொடுத்தாலும் பிழைப்பார்கள். ஹெபடைடிஸ் பி புதிதாகத் தொற்றிய பெரியவர்களிலும் நூற்றுக்கு 95 பேருக்கு அது தானாகவே போய்விடும்.

கீழாநெல்லி ஒரு நாளாவது முன்னதாகக் குணமாக்கியதா என்று தெரிய வேண்டுமானால், ஒரே வைரஸ் வந்த நூற்றுக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு அதே கசப்புள்ள வெற்று மருந்து கொடுத்து ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் 'குணமானது' என்பதை 'குணமாக்கியது' என்று மாற்ற முடியாது.

பச்சிலை வைத்தியர்கள் சொல்லும் ஓய்வு, சாராய விலக்கு, இளநீர், மோர், எளிய சாப்பாடு ஆகியவை உண்மையிலேயே நோயாளிக்கு உதவுபவை. சாராய விலக்கு ஒன்றே பெரிய மருந்து. புதுச்சேரியில் மதுவால் கெட்ட ஈரலோடு வருபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: குடித்துக்கொண்டே கரிசாலையோ ஈரல் டானிக்கோ எடுப்பதால் எதுவும் காக்கப்படாது. உப்பே சேர்க்காத கடும் பத்தியத்தை மட்டும் எல்லோருக்கும் விதிக்கக் கூடாது. வாந்தி எடுத்து வற்றிப்போனவருக்கு அது கெடுதல் செய்யும்.

மூலிகையே ஈரலைக் கெடுக்கும்போது

செடியில் உள்ள பொருளுக்கு வேலை செய்யும் சக்தி இருந்தால், வேண்டாத வேலை செய்யும் சக்தியும் இருக்கும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைப் பலர் நாள் தவறாமல் குடித்தார்கள். அதனால் ஈரல் கெட்டதாகக் கருதப்பட்ட 43 நோயாளிகளின் விவரத்தை இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்டன. அவர்களில் பலரிடம் ஈரலின் மீதே உடலின் எதிர்ப்புச் சக்தி பாய்ந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் பாதுகாப்பானது என்று மறுத்தது. சர்ச்சை தீரவில்லை என்றாலும், ஏற்கெனவே தன்எதிர்ப்பால் வரும் தைராய்டு நோய் போன்றவை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

மஞ்சளும் அப்படியே. சாம்பாரில் போடும் மஞ்சள் ஈரலை ஒன்றும் செய்யாது. ஆனால் மஞ்சளின் முக்கியப் பொருளான குர்க்குமின் மாத்திரையில் மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். பைப்பரின் சேரும்போது ரத்தத்தில் குர்க்குமின் இருபது மடங்கு ஏறியதை 1998இல் பெங்களூரு ஆய்வு காட்டியது. அதே ஏற்றம்தான் சிலருக்கு வினையானது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் மாத்திரையால் ஈரல் அழற்சி வந்தவர்கள் பதிவாகியிருக்கிறார்கள்.

அப்புறம், இலை பறிக்கும் இடம். கரிசாலை ஈரத்தில் விரும்பி வளரும். ஊருக்குள் ஈரம் என்றால் பெரும்பாலும் சாக்கடை ஓரம். அங்கே பறித்துப் பச்சையாக அரைத்துக் குடித்தால், காமாலை தரும் வைரஸையே மருந்தென்று குடிக்க நேரலாம். கடலூர் சிப்காட் போன்ற ரசாயனத் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் மண்ணிலும் நீரிலும் கனஉலோகம் இருந்தால் செடியும் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான இடத்தில் பறித்து, ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, கீரையானால் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

யார் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது

1. கர்ப்பிணிகள். ஹெபடைடிஸ் இ கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20இலிருந்து 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கண் மஞ்சளான அன்றே ஆஸ்பத்திரி.
2. மழை வெள்ளத்தில் நடந்த பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு மஞ்சள். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பாக்டீரியாவால் வருவது, ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்கும், விட்டால் சிறுநீரகமும் போகும். வெறும் காமாலை என்று இலை அரைத்துக் கொடுத்தே நாட்களைத் தொலைக்கும் ஆபத்து இங்கேதான் மிக அதிகம்.
3. பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சுத் தடுமாறுவது, பெயர் மறப்பது, பல் ஈறில் ரத்தம். ஈரல் செயலிழப்பின் தொடக்கம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டினால் மருத்துவர் அவசரப்படுவது இதனால்தான். எஸ்.ஜி.பி.டி. இறங்கிவிட்டது என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கசிவதற்குச் செல்லே மிச்சம் இல்லாதபோதும் அது இறங்கும்.
4. வெளுத்த மலம், அரிப்பு, குளிர்க்காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி. பித்தக் குழாய் அடைப்பு. ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.
5. ஆறு மாதத்தைத் தாண்டியும் ஹெபடைடிஸ் பி அல்லது சி ரத்தத்தில் இருப்பவர்கள். கண் மஞ்சள் இல்லாவிட்டாலும் உள்ளே நார் விழுந்துகொண்டிருக்கும். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018இல் தொடங்கியதிலிருந்து இதற்குச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹெபடைடிஸ் சிக்குப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை போதும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள்.

இந்த ஐந்திலும் சேராதவர் கீழாநெல்லி குடிப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ போகும்போது, திட்டுவார்கள் என்று பயந்து இலை மருந்து சாப்பிட்டதை மறைக்காதீர்கள். எத்தனை நாள், எந்த அளவு, வேறு என்ன கலந்தது என்று சொல்லுங்கள். வைத்தியர் பொட்டலமாகக் கொடுத்த பொடி என்றால் அதில் ஒரு சிட்டிகை, கொல்லையில் பறித்தது என்றால் காயோடு சேர்ந்த ஒரு கிளை, பழைய செய்தித்தாளில் மடித்துக் கையோடு எடுத்துப்போங்கள். அது கீழாநெல்லியா, அதன் சொந்தக்காரச் செடியா என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.